பத்து வயதில் சுரங்கத்தில் இறங்கிய பிள்ளை



சென்ற மாதம் ஒரு தோட்டத்திற்குக் கிளைக் கூட்டத்துக்காகப் போயிருந்தோம். கூட்டம் கலைந்து, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு தாய் ஓரமாக வந்து நின்றார். கணவருக்கு முதுகு போய்விட்டது, குலை வெட்டும் கம்பைத் தூக்க முடியவில்லை, வீட்டில் அவருடைய சம்பளம் நின்று நாலு மாதம் ஆகிறது. மூத்தவன் மூன்றாம் படிவம். அவனை நிறுத்தி லோரியில் சாமான் ஏற்றி இறக்கும் வேலைக்கு அனுப்பலாமா, அப்படி அனுப்பினால் பிள்ளை வீணாகப் போய்விடுவானா என்று கேட்டார்.

நாம் முதலில் சொக்சோ பாரத்தைப் பற்றித்தான் பேசினோம். இயலாமை ஓய்வூதியத்துக்கு மனுப் போட்டீர்களா, டாக்டர் எழுதிக் கொடுத்தாரா என்று நமக்குத் தெரிந்த கேள்விகளையே கேட்டோம். சங்கத்துக்காரன் வாயில் வேறு என்ன வரும்? ஆனால் அந்தத் தாய் கேட்டது அது மட்டுமல்ல. வறுமை பிள்ளையை என்ன செய்யும், தாய் தகப்பன் அதற்குள் என்ன செய்ய முடியும் என்பதுதான் அவர் கேட்டது. அதற்கு அன்று நம்மிடம் பதில் இல்லை. மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது நினைவுக்கு வந்தவர் கெய்ர் ஹார்டி. ஆகவே இந்த வாரம் அவர் கதை.

பிரிட்டனில் தொழிலாளர் கட்சி என்ற ஒன்று உருவாக வேராக இருந்தவர் இவர். அந்நாட்டு நாடாளுமன்றத்தில் அக்கட்சியின் முதல் தலைவரும் இவரே. அதெல்லாம் பின்னால் வந்தது. பிறந்தது 1856-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-இல், ஸ்காட்லாந்தில், லனார்க்‌ஷயர் என்னும் நிலக்கரி வட்டாரத்தில். நம் தாத்தாமார் காலத்துத் தோட்டத் துரைமார்களில் பலர் ஸ்காட்லாந்துக்காரர்கள். அதனால் அந்நாட்டுக்காரர் எல்லாருமே தொப்பியும் பிரம்புமாகப் பிறந்தவர்கள் என்று நம் பெரியவர்கள் நினைத்ததுண்டு. அங்கேயும் லயம் இருந்தது. நிலக்கரிக் கம்பெனி கட்டிய வரிசை வீடுகள். வேலை போனால் வீடும் போகும். நமக்குப் புரியாத கதையா இது?

தாயார் பெயர் மேரி கெய்ர். பண்ணை வீடுகளில் வேலைக்காரி. மணமாகாத நிலையில்தான் இந்தப் பிள்ளை பிறந்தது. தகப்பன் ஒரு சுரங்கத் தொழிலாளி என்று சொல்லப்படுகிறது, ஆனால் அந்த ஆள் பிள்ளையின் வாழ்க்கையில் எங்குமே இல்லை. அந்தக் காலத்து ஸ்காட்லாந்துக் கிராமத்தில் இது எப்படிப்பட்ட ஏச்சுக்கு இடம் கொடுத்திருக்கும் என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நம் லயத்துக் குழாயடியை நினைத்துக்கொண்டால் போதும்.

1859-இல் மேரி, டேவிட் ஹார்டி என்ற கப்பல் தச்சரை மணந்தார். அன்று முதல் பையனுக்கு அவர் பெயரும் சேர்ந்தது. டேவிட் கெட்டவரல்லர். உழைப்பாளி, மாற்றான் பிள்ளை என்று சோற்றில் குறை வைத்தவரும் அல்லர். ஆனால் குடிப்பார். குடித்தால் வாய் பழைய கதையைக் கிளறும், பையனின் பிறப்பைச் சொல்லி ஏசும். போதை தெளிந்ததும் மனிதர் சரியாகிவிடுவார். ஏசியவருக்கு அது மறந்துபோகும், கேட்ட பிள்ளைக்கு மறக்காது. பின்னாளில் ஹார்டி மதுவைத் தொடாதவராகவும், மதுவிலக்கு இயக்கத்தில் முன்னின்று உழைத்தவராகவும் ஆனதற்கு இந்த வீட்டு அனுபவம் ஒரு காரணம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. கள்ளுக்கடைக் காலத்தைக் கண்ட பெரியவர்களுக்கும், இன்று மலிவு விலை போத்தலோடு மல்லுக்கட்டும் தாய்மார்களுக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கப்பல் வேலை கிடைக்கும் என்று குடும்பம் கிளாஸ்கோ பட்டணத்துப் பக்கம் குடிபெயர்ந்தது. தம்பிகள் ஒருவர் பின் ஒருவராகப் பிறந்தார்கள். பையன் பள்ளிக்கூடம் போனது மிகக் கொஞ்சம். ஸ்காட்லாந்தில் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்குப் போயாக வேண்டும் என்று சட்டம் வந்ததே 1872-இல்தான், இவருக்கு அப்போது பதினாறு வயது ஆகிவிட்டது. ஏழெட்டு வயதில் ஒரு கப்பல் கம்பெனியில் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கும் எடுபிடியாகச் சேர்ந்தார். அதன் பிறகு கப்பல் பட்டறையில் ஆணி காய்ச்சும் வேலை. அப்புறம் ரொட்டிக் கடை.

அந்த ரொட்டிக் கடைக் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

1866-ஆம் ஆண்டின் பிற்பகுதி. கிளைட் ஆற்றங்கரைக் கப்பல் பட்டறை முதலாளிகள் தொழிலாளரோடு தகராறு ஏற்பட்டு வாசலைப் பூட்டிவிட்டார்கள். கதவடைப்பு மாதக் கணக்கில் நீடித்தது. டேவிட்டுக்கு வேலை இல்லை. வீட்டிலிருந்த தட்டுமுட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக விலைக்குப் போய் உணவாயின. தாய் நிறைமாதக் கர்ப்பிணி. ஒரு தம்பி காய்ச்சலில் படுத்த படுக்கை. குடும்பத்தில் காசு கொண்டுவரும் ஒரே ஆள் பத்து வயதுப் பையன். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ரொட்டி சுமந்து, வாரத்துக்கு ஒரு சில ஷில்லிங்.

இரவெல்லாம் தம்பி பக்கத்தில் கண் விழித்துவிட்டு, ஆண்டுக் கடைசி வாரத்தில் ஒரு நாள் வேலைக்குத் தாமதமாகப் போனார். எச்சரித்து அனுப்பினார்கள். மறுபடியும் ஒரு நாள் தாமதம். அன்று மழை. வெறும் வயிறு, நனைந்த துணி. முதலாளி கூப்பிடுகிறார் என்று மாடிக்கு அழைத்துப் போனார்கள். அங்கே முதலாளியின் குடும்பம் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. காப்பி, சூடான ரொட்டி. தெய்வ பக்திக்குப் பெயர் போன வீடு அது. பையன் நின்று வாசனையை மட்டும் பிடித்தான். தாமதத்துக்குக் காரணம் கேட்கவில்லை. வேலை இல்லை என்று சொல்லி, அந்த வாரச் சம்பளத்தையும் அபராதமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு இதை எப்படிச் சொல்வது? மழையில் நெடுநேரம் தெருவில் அலைந்துவிட்டுத்தான் வீடு சேர்ந்தார். அன்று இரவு குழந்தை பிறந்தது. 1867-ஆம் ஆண்டின் முதல் நாள் விடிந்தபோது அந்த வீட்டில் அடுப்பில் நெருப்பும் இல்லை, உண்ண உணவும் இல்லை. காய்ச்சலில் கிடந்த தம்பியும் பிழைக்கவில்லை.

பெரியவரான பின் இந்தச் சம்பவத்தை ஹார்டி தம் கையாலேயே எழுதி வைத்தார். முதலாளியின் மேசை, அந்த வாசனை உட்பட எல்லாம் அதில் இருக்கிறது. மேடையில் எத்தனையோ பொருளாதாரக் கணக்கு பேசியவர்தான், ஆனால் அவருடைய அரசியலின் அடிமரம் அந்த மாடி அறையில் ஊன்றியது. நாமும் சிறு வயதில் விடுமுறை நாட்களில் அம்மாவோடு ஒட்டுப்பால் பொறுக்கப் போனவர்கள்தாம். நிறுவைக்காரர் கழித்த எடையைப் பற்றி அம்மா ஒன்றும் பேசாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. பெரியவர்களுக்கு நேர்கிற அவமானத்தைப் பிள்ளைகள் கவனிப்பதில்லை என்று நினைப்பவர்கள் தங்கள் பிள்ளைப் பருவத்தை மறந்தவர்கள்.

டேவிட் மறுபடியும் கடலுக்குப் போனார். மேரி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தன் தாய் இருந்த லனார்க்‌ஷயருக்கே திரும்பினார். அங்கே இருந்த வேலை ஒன்றுதான், நிலக்கரி. பத்து வயதுக்குக் கீழே உள்ள பையன்களைச் சுரங்கத்தில் இறக்கக் கூடாது என்று 1842-இல் சட்டம் வந்திருந்தது. ஹார்டிக்குப் பத்து முடிந்துவிட்டது. 

வேலை என்னவென்றால், பூமிக்கு அடியில் ஒரு மரக் கதவு. காற்று ஓட்டத்துக்காக அது மூடியே இருக்க வேண்டும். நிலக்கரி வண்டி வரும்போது திறந்து, போனதும் மூட வேண்டும். நாளுக்குப் பத்து மணி நேரம், கும்மிருட்டில், தனியாக. குளிர்காலத்தில் விடியுமுன் இறங்கி இருட்டிய பின் ஏறுவதால் ஞாயிற்றுக்கிழமை தவிர வெயிலையே பார்க்க முடியாது. இருட்டோடு பெரட்டுக்கு ஓடிய தலைமுறைக்கு ஒன்று சொல்கிறோம், நமக்கு நிரையில் நிற்கும்போதாவது சூரியன் மேலே வந்தது.

இப்போது அந்தத் தாய் நம்மைக் கேட்ட கேள்விக்கு வருவோம். இப்படிப்பட்ட கதவுப் பையன்கள் அந்த வட்டாரத்தில் ஏராளமாக இருந்தார்கள். எல்லாரும் ஹார்டி ஆகவில்லை. பலர் இருமிச் செத்தார்கள், பலர் குடித்துச் செத்தார்கள், சிலர் பாறை விழுந்து செத்தார்கள். ஆகவே வறுமைதான் அவரைத் தலைவராக்கியது என்று மேடையில் சிலர் பேசுவதை நாம் ஒப்புக்கொள்வதில்லை. வறுமை ஆளை உருவாக்கும் என்றால் நம் தோட்டங்களிலிருந்து ஆயிரம் தலைவர்கள் வந்திருக்க வேண்டும். வறுமை அவருக்கு எதற்காகப் பேச வேண்டும் என்பதைக் கொடுத்தது. பேசுவதற்கான எழுத்தையும் சொல்லையும் கொடுத்தது வேறு ஒன்று.

அது தாயின் மாலை நேரம். பகலெல்லாம் பிறர் வீட்டிலோ வயலிலோ உழைத்துவிட்டு வந்த மேரி, அடுப்பு வெளிச்சத்தில் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக் கொடுத்தார். டேவிட்டும் தெளிந்த நேரத்தில் கூட உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததுண்டு, அந்த நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பையனை வேலைக்கு அனுப்புவதைத் தவிர அந்தத் தாய்க்கு வேறு வழி இருக்கவில்லை, அனுப்பினார். ஆனால் வேலைக்குப் போய்விட்டான், இனி இவனுக்குப் படிப்பு எதற்கு என்று மட்டும் அவர் நினைக்கவில்லை. வீட்டில் பேச்சும் இருந்தது. பாட்டி வீட்டுப் பழங்கதைகள், ராபர்ட் பர்ன்ஸ் என்னும் உழவர் கவிஞரின் பாட்டுகள். தெருவில் நடக்கும்போது கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த பத்திரிகைத் தாளையும் பையன் எழுத்துக் கூட்டிப் படிப்பானாம்.

படிக்கத் தெரிந்தாலும் எழுதுவது கைவர நாளானது. ஹோலிடவுன் என்ற ஊரில் இரவுப் பள்ளி ஒன்று நடந்தது. அங்கே விளக்கு கிடையாது. மாணவர்களே மெழுகுவர்த்தி கொண்டு போக வேண்டும். பத்து மணி நேர வேலைக்குப் பிறகு கையில் மெழுகுவர்த்தியோடு அந்தப் பையன் நடந்து போனதை நினைத்துப் பாருங்கள். சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டார். சுரங்கத்துக்குள் தாள் ஏது? விளக்குப் புகையில் கல்லைக் கறுப்பாக்கி, திரி தூண்டும் ஊசியால் அதன்மேல் கீறிப் பழகினார். அழித்துவிட்டு மறுபடியும் புகை பிடிக்க வேண்டியதுதான்.

இருபது வயதுக்குள் கரி வெட்டும் கைதேர்ந்த தொழிலாளியாகிவிட்டார். எழுதப் படிக்கத் தெரிந்தவர், துணிந்து பேசுபவர் என்பதால் மற்றத் தொழிலாளர்கள் தங்கள் குறையைச் சொல்ல இவரையே முன்னே தள்ளினார்கள். விளைவு? அவரையும் இரண்டு தம்பிமாரையும் சேர்த்து வேலையை விட்டு நீக்கினார்கள். வட்டாரச் சுரங்கம் எல்லாவற்றிலும் பெயரைக் கறுப்புப் பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். அண்ணன் பேசியதற்குத் தம்பிகளுக்கும் தண்டனை. இந்தக் கணக்கு எந்த நாட்டு நிர்வாகத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

1879-இல் லில்லி வில்சன் என்ற பெண்ணை மணந்தார். மறு ஆண்டு நடந்த ஹாமில்டன் வேலை நிறுத்தத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாகப் பசித்தவர்களுக்குக் கஞ்சித் தொட்டி நடத்தினார்கள். வேலை நிறுத்தம் தோற்றது. பிறகு எயர்‌ஷயர் வட்டாரத்துக் கம்னாக் ஊருக்குப் போய், சங்கம் கட்டிக்கொண்டே பத்திரிகையில் எழுதிப் பிழைத்தார். அந்தக் கறுத்த கல் அப்போதுதான் சோறு போட்டது.

அரசியல் பகுதியைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1888-இல் லனார்க்‌ஷயரில் நடந்த இடைத்தேர்தலில் நின்றார். விலகிக்கொண்டால் பின்னொரு தொகுதியும் ஆண்டுக்கு 300 பவுனும் தருவதாக லிபரல் கட்சியினர் ஆள் அனுப்பினார்கள். மறுத்துவிட்டு நின்றார், கிடைத்தது 617 ஓட்டு. 1892-இல் லண்டனின் வெஸ்ட் ஹாம் தெற்குத் தொகுதியில் வென்றார். பட்டுத் தொப்பியும் கறுப்புக் கோட்டுமாக எல்லாரும் வரும் சபைக்குத் தொழிலாளித் தொப்பியோடு போனதைப் பத்திரிகைகள் மாதக் கணக்கில் கேலி செய்தன. 1893-இல் சுயேச்சைத் தொழிலாளர் கட்சி பிராட்ஃபோர்டில் பிறந்தது.

1894 ஜூன் மாதம் வேல்ஸ் நாட்டுச் சுரங்கம் ஒன்று வெடித்து 290 ஆண்களும் சிறுவர்களும் மாண்டார்கள். அதே நாளில் அரச குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்தது. சபை குழந்தைக்கு வாழ்த்துத் தீர்மானம் கொண்டுவந்தது. செத்தவர் குடும்பங்களுக்கு அனுதாபமாக ஒரு வரி சேர்க்கச் சொன்னார் ஹார்டி. முடியாது என்றார்கள். தனி ஆளாக எழுந்து அந்தத் தீர்மானத்தை எதிர்த்துப் பேசினார், சபையே கூச்சல் போட்டது. மறு ஆண்டுத் தேர்தலில் தோற்றுப்போனார். 1900-இல் அவரை மறுபடியும் அனுப்பியது வேல்ஸ் சுரங்க வட்டாரமான மெர்த்தர் டிட்ஃபில். 1906-இல் தொழிலாளர் பிரதிநிதிகள் 29 பேர் வென்று வந்தபோது தலைமை இவருக்கு வந்தது. 1907-இல் இந்தியாவுக்கும் போய், இந்தியர்கள் தங்களைத் தாங்களே ஆள வேண்டும் என்று பேச, லண்டன் பத்திரிகைகள் ராஜத் துரோகி என்ற அளவுக்கு வைதன. முதல் உலகப் போரை எதிர்த்து நின்று, மனம் உடைந்து, 1915 செப்டம்பர் 26-இல் கிளாஸ்கோவில் காலமானார்.

ஒரு விஷயத்தை மறைத்தால் நேர்மையாகாது. தன் வீட்டில் அவர் நல்ல தகப்பனாக இருந்தாரா? லில்லி கம்னாக்கில் பிள்ளைகளோடு இருந்தார். ஒரு பெண் குழந்தை சின்ன வயதிலேயே இறந்தது. கணவரோ லண்டனில், ரயிலில், கூட்டத்தில். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குச் சம்பளம் என்பதே 1911-இல்தான் வந்தது. கட்சிக்குப் போனது போக மிஞ்சியதில் அந்த அம்மாள் குடும்பம் நடத்தினார். மற்றவர் பிள்ளைகளுக்காகப் பேசிப் பேசியே தன் பிள்ளைகளை அவர் வருஷத்தில் சில வாரங்கள்தான் பார்த்தார். சங்க வேலை பார்க்கிற நமக்கு இந்த இடம் சுடுகிறது. நம் வீட்டிலும் கேட்டுப் பார்த்தால் தெரியும்.

பெற்றோர் மதத்தை நம்பாதவர்கள், இவரோ இருபதுகளின் தொடக்கத்திலேயே கிறிஸ்தவரானார். தகப்பன் குடித்தார், இவர் குடிக்கவில்லை. ஆக, பிள்ளை பெற்றோரின் அச்சாக வருவதில்லை. சிலவற்றை எடுத்துக்கொள்கிறது, சிலவற்றைக் கண்டு அஞ்சி எதிர்ப்பக்கம் ஓடுகிறது. வாழ்நாள் முழுதும் அவர் வைத்துக்கொண்ட பெயரைப் பாருங்கள். ஜேம்ஸ் என்ற சொந்தப் பெயரை முன்னிறுத்தாமல், தாய் வீட்டுப் பெயரான கெய்ரையும், போதையில் தன்னை ஏசிய மாற்றாந்தகப்பன் பெயரான ஹார்டியையும் சேர்த்துத்தான் கையெழுத்திட்டார். வயதான இருவரையும் கடைசிவரை மதித்தார். இருவரும் 1902-இல் இறந்தார்கள்.

அந்தத் தாய்க்கு மகன் சபைக்குப் போனதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருந்தது. அதோடு முடியவில்லை. கெய்ரின் தம்பி ஜார்ஜ் ஹார்டி 1922-இல் கிளாஸ்கோ ஸ்பிரிங்பர்ன் தொகுதியில் வென்றார். இன்னொரு தம்பி டேவிட் 1931-இல் ரதர்கிளென் தொகுதியில் வென்றார். ஜார்ஜ் இறந்த பிறகு அவர் மனைவி ஆக்னஸ் 1937-இல் அதே ஸ்பிரிங்பர்னில் நின்று வென்றார். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் கொடுத்த அந்தப் பண்ணை வேலைக்காரி பெற்ற பிள்ளைகளில் மூன்று பேரும், மருமகள் ஒருவரும் நாடாளுமன்றம் போனார்கள்.

முதுகு போன அந்தத் தோழரின் சொக்சோ மனு இந்த வாரம் போகிறது. பையன் இன்னும் பள்ளியில்தான் இருக்கிறான். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது இந்தப் பக்கத்தை வெட்டி அந்தத் தாயிடம் கொடுக்கலாம் என்றிருக்கிறோம்.